உலகக் குழந்தைகளின் உரிமைக்குரல்

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் ஓய்ந்தது. ஆயினும், நேச நாடுகள் விதித்திருந்த கடல் முற்றுகை உடனே விலக்கப்படவில்லை. உணவின்றி ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் வாடினர். பகைநாட்டுக் குழந்தைகள் என்பதால் பிரிட்டனில் பலர் இரக்கம் காட்டத் தயங்கினர். பசிக்குப் பகையேது என்னும் உணர்வோடு அத்தயக்கத்தை எதிர்த்து எழுந்தவர் எக்லன்டைன் ஜெப்.

1876இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் பிறந்த இவர், ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு பயின்றார். சிறிது காலம் ஆசிரியராகப் பணியாற்றினார். 1919இல், பட்டினியால் மெலிந்த ஆஸ்திரியக் குழந்தையின் படம் தாங்கிய துண்டறிக்கைகளை லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் வழங்கினார். அவற்றுக்குத் தணிக்கையாளரின் இசைவைப் பெறவில்லை என்பதால் கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் 5 பவுண்டு தண்டம் விதித்தது. ஆனால், எதிர்த்து வாதிட்ட அரசு வழக்கறிஞரே அத்தொகையை அவரிடம் வழங்கினார். தண்டனை பெற்ற இடத்திலேயே அவருடைய அறப்பணிக்கு ஆதரவும் பிறந்தது.

அவ்வாண்டே தங்கை டோரதி பக்ஸ்டனுடன் இணைந்து, 'குழந்தைகளைக் காப்போம்' நிதியத்தைத் தொடங்கினார். 1921இல் ரஷ்யாவைப் பஞ்சம் தாக்கியபோது, அந்நிதியம் அங்கும் குழந்தைகளுக்கு உணவளித்தது. எனினும், கொடுப்பவர் மனம் மாறினால் கொடையும் நின்றுவிடும் என்பதை ஜெப் உணர்ந்தார். குழந்தைக்குத் தேவை இரக்கம் மட்டுமன்று, உரிமையும்கூட என்று தெளிந்தார். ஆகவே, 1923இல் ஐந்தே கூறுகள் கொண்ட அறிக்கை ஒன்றை வரைந்தார். பசித்த குழந்தைக்கு உணவு, நோயுற்ற குழந்தைக்கு மருத்துவம், ஆதரவற்ற குழந்தைக்குப் புகலிடம், இடர்க்காலத்தில் முதல் உதவி, சுரண்டலிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றை அது வலியுறுத்தியது. 1924இல் உலக நாடுகளின் சங்கம் அதனை ஏற்றது. அது ஜெனீவா அறிக்கை எனப் பெயர்பெற்றது.

உடல்நலம் குன்றிய நிலையிலும் ஓயாது உழைத்த ஜெப், 1928இல் தம் 52ஆம் வயதில் ஜெனீவாவில் மறைந்தார். அவருடைய கருத்து மறையவில்லை. 1959இல் ஐக்கிய நாடுகள் அவை அதனைப் பத்துக் கோட்பாடுகளாக விரித்தது. 1989இல், ஏற்கும் நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையாக அது வளர்ந்தது. 1992இல் இந்தியா அதில் இணைந்தது.

இணைவதோடு கடமை முடிந்துவிடவில்லை. அதுவரை 16 வயது நிரம்பாத சிறுவரும் 18 வயது நிரம்பாத சிறுமியருமே இந்திய இளைஞர் நீதிச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றனர். 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலருக்கும் 18 என வரையறுத்தது. குழந்தை உரிமைகளைக் கண்காணிக்கும் ஆணையங்களுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. ஓர் உயர்ந்த நெறி ஏட்டில் பிறக்கலாம். சட்டமாகவும் கண்காணிப்பாகவும் மக்களின் வழக்கமாகவும் மாறும்போதுதான் அது மண்ணில் வேரூன்றுகிறது.