நாடு இல்லாத அரசின் பிரதமர்: மௌலவி பரக்கத்துல்லாஹ்

இந்தியாவின் முதல் பிரதமர் யார் என்று கேட்டால், ஜவஹர்லால் நேரு என்று நம் பிள்ளைகள் சொல்வார்கள். சரியான விடைதான். ஆனால் விடுதலைக்கு ஏறத்தாழ 32 ஆண்டுகள் முன்பே, அந்நிய மண்ணில் அமைந்த ஓர் இந்திய அரசுக்கு மௌலவி ஒருவர் பிரதமராக இருந்தார். சந்தவாசல் போன்ற சிற்றூர்களிலும் சரி, சென்னையிலும் சரி, அவர் பெயரை அறிந்த வீடுகள் நம்மிடையே எத்தனை?

அவர்தான் போபாலில் பிறந்த மௌலவி பரக்கத்துல்லாஹ். மார்க்கக் கல்வியோடு பல மொழிகளையும் கற்றவர். இங்கிலாந்து சென்று, லிவர்பூலில் அப்துல்லாஹ் குயில்லியம் நடத்திய முஸ்லிம் நிலையத்தில் பணியாற்றினார். 1909இல் டோக்கியோவில் பேராசிரியரானார். அங்கு இஸ்லாமிய சகோதரத்துவத்தின் பெயரில் ஆங்கில இதழ் ஒன்றையும் நடத்தினார். பிரிட்டிஷ் அரசு ஜப்பானை நெருக்கியது. இதழ் நின்றது, பின்னர் வேலையும் போனது.

1914இல் அமெரிக்கா சென்று கதர் கட்சியில் சேர்ந்தார். கதர் துணிக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை; உருதுவில் இச்சொல்லுக்குக் கிளர்ச்சி என்று பொருள். 1913இல் உருவான இச்சிறு கட்சியில் பெரும்பாலோர் மரம் அறுக்கும் ஆலைகளிலும் வயல்களிலும் உழைத்த பஞ்சாபியர். காங்கிரஸ் முழு விடுதலையைத் தன் இலக்காக ஏற்றது 1929இல்தான். இந்தத் தொழிலாளர்களோ தொடக்கத்திலேயே அதைக் கேட்டார்கள். தலைவர்களில் ஒருவரான ஹர்தயாள் அமெரிக்காவை விட்டு வெளியேற நேர்ந்தபோது, கட்சிப் பொறுப்பைச் சுமந்தவர்களில் மௌலவியும் ஒருவர்.

முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மனி வழியாக காபூல் போய்ச் சேர்ந்தார். 1915 டிசம்பர் 1 அன்று அங்கே தற்காலிக இந்திய அரசு அறிவிக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ராஜா மகேந்திர பிரதாப், பிரதமர் பரக்கத்துல்லாஹ், உள்துறை அமைச்சர், தேவ்பந்த் தந்த மௌலானா உபைதுல்லாஹ் சிந்தி, வெளியுறவு அமைச்சர், திருவனந்தபுரத்துத் தமிழரான செண்பகராமன் பிள்ளை. அந்த அரசிடம் நிலமும் இல்லை, படையும் இல்லை. ஆப்கான் அமீர் போரில் இறங்கத் தயங்கினார். 1916இல் பட்டுத் துணியில் எழுதிய இரகசியக் கடிதங்கள் பிரிட்டிஷாரிடம் சிக்கின. ஷைகுல் ஹிந்த் மஹ்மூதுல் ஹஸன் கைதாகி மால்டா தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

மௌலவி ஓயவில்லை. 1919இல் மாஸ்கோ சென்று லெனினைச் சந்தித்து உதவி கேட்டார். பிறகு ஐரோப்பிய நாடுகளில் அலைந்து, முதுமையிலும் நோயிலும் தோழர்களைக் காண மீண்டும் அமெரிக்கா போனார். 1927 செப்டம்பர் 20 அன்று சான்பிரான்சிஸ்கோவில் வஃபாத்தானார். அவருடைய கப்ர் கலிபோர்னியாவின் சேக்ரமெண்டோ நகரில் இருக்கிறது. தாய்மண்ணுக்குத் திரும்பும் வாய்ப்பு கடைசி வரை அவருக்குக் கிடைக்கவில்லை. 1988இல் போபால் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவர் கட்சி வெல்லவில்லை. அவர் அரசு ஒரு நாளும் ஆளவில்லை. ஆனாலும் அமல்களை நிய்யத்தைக் கொண்டே அளக்கக் கற்ற சமுதாயம் நாம். இந்து, சீக்கியத் தோழர்களோடு தோள் சேர்ந்து நின்றபோதும் அவர் மௌலவியாகவே வாழ்ந்தார். இந்த நாட்டுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நம் பிள்ளைகளிடம் யாரேனும் கேட்கும் நாளில், தலை குனியாமல் சொல்ல இந்தப் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை. அல்லாஹ் அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.