ட்ராக் ட்ராக்காகப் பிரித்த டீலியா

உங்க ரூம்ல மூணு சிந்தசைசர் இருக்குன்னு வைச்சுக்குவோம். ஒண்ணு பேஸ், ஒண்ணு மெலடி, இன்னொண்ணு காத்து வீசுற மாதிரி ஒரு சத்தம். மூணையும் ஒரு மிக்ஸர்ல சொருகி, ஒரே ஃபைலா லேப்டாப்ல ரெக்கார்ட் பண்ணிட்டா வேலை சீக்கிரம் முடிஞ்சிடும். ஆனா மறுநாள் கேட்கும்போது பேஸ் மட்டும் ஜாஸ்தியா தெரிஞ்சா? சாம்பாரில் கரைந்த உப்பைத் தனியா எடுக்கிற கதைதான். அதனால்தான் ஒவ்வொரு சிந்தையும் தனித்தனி ட்ராக்கில் பதிவு செய்யணும்னு சொல்றாங்க.

இந்த வேலையை, சிந்தசைசரே கையில் இல்லாத காலத்தில், டேப்பும் பிளேடும் வைத்துச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். பேர் டீலியா டார்பிஷர்.

1937 மே 5 அன்று இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் பிறந்தார். மூணு வயசில் போர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் கவென்ட்ரி மீது குண்டு மழை பொழிந்தன. அப்போது கேட்ட சைரன் சத்தம் தன் இசைக்கு ஒரு வேர் என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார்.

படிப்பில் கெட்டி. கேம்பிரிட்ஜின் கிர்ட்டன் கல்லூரியில் கணக்கும் இசையும் படித்து 1959-ல் பட்டம் வாங்கினார். அடுத்தது வேலை. டெக்கா ரெக்கார்ட் கம்பெனிக்கு அப்ளை பண்ணினார். ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று பதில் வந்தது. பிளேஸ்மென்ட் சீசனில் இருக்கிற நமக்கு ரிஜெக்‌ஷன் புதுசில்லை. ஆனா திறமையைப் பார்க்காமலே கதவைச் சாத்துறது வேற மாதிரி வலி.

கொஞ்ச நாள் ஜெனீவா, கொஞ்ச நாள் டீச்சர் வேலை. 1960-ல் பி.பி.சி.யில் பயிற்சி ஸ்டுடியோ உதவியாளராகச் சேர்ந்தார். 1962-ல், தானே கேட்டு, லண்டன் மைடா வேலில் இருந்த ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்புக்கு மாறினார். நாடகங்களுக்கு விசித்திரமான சத்தங்கள் தயாரிக்கிற இடம் அது.

மூணு டேப், ஒரு தீம்

1963-ல் 'டாக்டர் ஹூ' என்ற புது டிவி தொடருக்கு டைட்டில் இசை தேவைப்பட்டது. ரான் கிரெய்னர் என்ற இசையமைப்பாளர் மெட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதைச் சத்தமாக மாற்றுகிற வேலை டீலியாவிடம் வந்தது. உதவிக்கு டிக் மில்ஸ்.

என்ன வைச்சு செஞ்சாங்க தெரியுமா? பேஸுக்கு, ஒரு கம்பியைச் சுண்டியபோது எழுந்த ஒரே ஒரு ஓசை. அதை டேப்பில் பதிந்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து வேண்டிய ஸ்வரமெல்லாம் எடுத்தார். டேப்பை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒரு ஆக்டேவ் மேலே போகும். அரை ஸ்வரம் ஏற வேகத்தைச் சுமார் 1.06 மடங்கு ஆக்கணும். மெலடிக்கு, நம்ம லேப்ல இருக்கிற ஃபங்ஷன் ஜெனரேட்டர் மாதிரி டெஸ்ட் ஆஸிலேட்டர்கள். வழுக்கிக்கொண்டு போகும் அந்த ஸ்வரங்கள் கையால் குமிழைத் திருப்பி வந்தவை. காற்றுச் சத்தத்துக்கு ஃபில்டர் செய்த வொயிட் நாய்ஸ்.

அடுத்துதான் பொறுமை. ஒவ்வொரு ஸ்வரத்தையும் தேவையான நீளத்துக்கு பிளேடால் வெட்டி, ஒட்டணும். நொடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் அரை நொடி ஸ்வரம்னா ஏழரை அங்குலத் துண்டு. இப்படி ஒட்டி ஒட்டித் தனித்தனி டேப்கள் தயாராகின. இன்றைய மொழியில் ஒவ்வொரு டேப்பும் ஒரு ட்ராக். ஆனா மல்டி-ட்ராக் மெஷின் அங்கே இல்லை. மூணு மெஷினில் மூணு டேப்பை மாட்டி, ஒரே நேரத்தில் ஸ்டார்ட் பட்டனை அமுக்கி, இன்னொரு டேப்பில் மிக்ஸ் பண்ணினார்கள்.

ஒருமுறை எங்கேயோ ஒரு ஸ்வரம் இடறியது. மூணு டேப்பையும் நீளமான வராண்டாவில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து, ஒட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு டேப்பில் ஒட்டு தள்ளி இருந்தது தெரிந்தது. அதை மட்டும் சரிசெய்தார்கள். எல்லாம் ஒரே டேப்பில் கலந்திருந்தா இது நடந்திருக்காது.

முடிந்ததைக் கேட்ட கிரெய்னருக்கு, இது தான் எழுதிய மெட்டுதானா என்றே ஆச்சரியம். டீலியாவுக்கும் பெயரிலும் வருமானத்திலும் பங்கு தரணும்னு கேட்டார். பி.பி.சி. விதிகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் யார் வேலை செய்தாலும் திரையில் ஒர்க்‌ஷாப் பெயர்தான் வரும். 1963 நவம்பர் 23 அன்று தொடர் ஒளிபரப்பானது. இசையை லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள், செய்தவர் பெயர் அவர்களுக்குத் தெரியாது.

ஒரு லேம்ப் ஷேடும் ஃபூரியரும்

ஃபூரியர் சீரிஸ் எதுக்குப் படிக்கிறோம்னு கேட்டவங்களுக்கு ஒரு கதை. 1967-ல் சஹாராவின் துவாரக் மக்கள் பற்றிய டாக்குமென்டரிக்கு டீலியா இசை செய்தார். ஒர்க்‌ஷாப்பில் ஒரு பச்சை நிற உலோக லேம்ப் ஷேட் இருந்தது. அதைத் தட்டிப் பதிவு செய்து, தட்டும் சத்தத்தை நீக்கி, பின்னால் வரும் ரீங்காரத்தை மட்டும் எடுத்தார். அதிலுள்ள அதிர்வெண்களைப் பிரித்து, வலுவான 12-ஐத் தேர்ந்தெடுத்து, 12 ஆஸிலேட்டர்களில் அந்த ஒலியைத் திரும்பக் கட்டினார். பாட்டை மட்டுமல்ல, ஒரே ஒரு சத்தத்தையும் பிரித்துப் பார்த்தவர் அவர்.

பிறகு நிஜமான சிந்தசைசர்கள் வந்தன. 1972-ல் ஒர்க்‌ஷாப்பின் பிரம்மாண்டமான சிந்தசைசரில் அதே தீமைப் புதிதாகச் செய்து பார்த்தார்கள். அது எடுபடவில்லை. பழைய டேப் வேலையே 1980 வரை தொடர்ந்தது. டீலியா 1973-ல் பி.பி.சி.யை விட்டு வெளியேறினார். காஸ் பைப்லைன் போடும் இடத்தில் ரேடியோ ஆபரேட்டர், புத்தகக் கடை என்று வேறு வேறு வேலைகள். 2001 ஜூலை 3 அன்று, 64 வயதில் இறந்தார். அவர் வீட்டுப் பரணில் 267 டேப்கள் கிடைத்தன. இப்போது அவை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. 'டாக்டர் ஹூ' டைட்டிலில் அவர் பெயர் முதன்முதலில் வந்தது 2013-ல், தொடரின் 50-ஆம் ஆண்டு சிறப்பு எபிசோடில். அவர் இறந்து 12 வருஷம் கழித்து.

இனி உங்க மூணு சிந்துக்கு வருவோம். ஆடியோ இன்டர்ஃபேஸில் நிறைய இன்புட் இருந்தால், ஆளுக்கு ஒன்று கொடுத்து ஒரே தடவையில் பதிவு பண்ணுங்க. ஒரே இன்புட்தான்னா, முதலில் வாசிப்பை மிடியாகப் பதிந்து, அதையே ஒவ்வொரு சிந்துக்கும் அனுப்பி, ஒவ்வொன்றாக ஆடியோ எடுங்க. எடுத்ததும் வேவ்ஃபார்மை ஜூம் பண்ணி, மெட்ரோனோம் க்ளிக்கோடு ஒப்பிடுங்க. லேட்டன்சியால் தள்ளிப்போன ட்ராக்கை இழுத்து வையுங்க. மைடா வேல் வராண்டா இப்போ உங்க ஸ்க்ரீனுக்குள்ளேயே இருக்கு.

ட்ராக்கை 'ஆடியோ 7'னு அப்படியே விடாம, எந்த சிந்து, எந்த சத்தம், யார் வாசிச்சதுன்னு எழுதுங்க. அப்புறம் உங்க ஷார்ட் ஃபிலிம் முடியும்போது 'இசை: மியூசிக் கிளப்'னு மட்டும் போடாதீங்க. ராத்திரி முழுக்க உட்கார்ந்து சத்தம் செஞ்சவங்க பேரையும் தனித்தனியா போடுங்க.