சோழமண்டலம் கண்ட ஓவியர்

கொங்கு நாட்டில் நொய்யலாற்றங்கரையில் விளங்குவது கோயம்புத்தூர். பஞ்சாலைகளாலும் கைத்தொழில்களாலும் பெயர்பெற்ற அந்நகர், ஓவியக் கலைக்கும் ஒரு பெருமகனை நல்கியது. அவரே கே. சி. எஸ். பணிக்கர். அவர் 1911ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் அந்நகரிற் பிறந்தார். அவருடைய முன்னோர் மலபாரைச் சேர்ந்தவர். அந்நாளில் கோயம்புத்தூரும் மலபாரும் சென்னை மாகாணத்து மாவட்டங்களாய் இருந்தன.

இளமையிலேயே பணிக்கருக்கு ஓவியத்தில் ஆர்வம் மிகுந்திருந்தது. வயலையும் நீரையும் தென்னஞ்சோலையையும் நீர்வண்ணத்தில் தீட்டி மகிழ்ந்தார். ஆயினும், தந்தையார் மறைந்தமையால் கல்லூரிப் படிப்பை விடுத்துத் தந்தித் துறையில் அலுவல் ஏற்க நேர்ந்தது. குடும்பச் சுமை அவர் கையைக் கட்டியதேயன்றி உள்ளத்தைக் கட்டவில்லை. 1936ஆம் ஆண்டு, தம் இருபத்தைந்தாம் வயதில், சென்னை அரசினர் ஓவியப் பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தார். பின்னர் அங்கேயே ஆசிரியராகி, 1957ஆம் ஆண்டு முதல்வர் பதவியையும் அடைந்தார்.

கோடு, வடிவு, வண்ணம், வெளி ஆகியவை ஓவியத்தின் உறுப்புக்கள். கோடு கண்ணை வழிநடத்தும். வடிவு பொருளை உணர்த்தும். வண்ணம் உணர்ச்சியை எழுப்பும். தீட்டாது விட்ட வெளியோ கண்ணுக்கு ஓய்வளிக்கும். இவற்றுள் கோட்டுக்கு நம் நாட்டு மரபு சிறப்பிடம் தந்துள்ளது. அசந்தாச் சுவரோவியங்களிலும், நம் மகளிர் வாயிலில் இடும் கோலத்திலும் இவ்வுண்மையைக் காணலாம்.

1954ஆம் ஆண்டு பணிக்கர் இலண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். மேலைநாட்டுக் கலையை நன்கு கற்ற அவர், நம் மண்ணுக்குரிய ஓவியமொழி யாது என்று ஆராயத் தலைப்பட்டார். அவ்வாராய்ச்சியின் பயனாக, 1963ஆம் ஆண்டு முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையைப் படைத்தார். கணக்குக் குறிகளும், எழுத்துக்களும், சாதகக் கட்டங்களும் அவற்றில் இடம்பெற்றன. அவை படித்தற்கு உரியன அல்ல, பார்த்தற்கு உரியன. எழுத்தும் ஒரு கோடே என்பதை அவர் உலகுக்குக் காட்டினார்.

தாம் உயர்ந்ததோடு அவர் அமைதியுறவில்லை. 1944ஆம் ஆண்டிலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவி, கலைஞர்கள் ஒருங்கு கூடிக் கருத்துக்களைப் பரிமாற வழிவகுத்தவர் அவர். முதல்வரானபின் ஒரு கவலை அவரை வாட்டியது. ஆண்டுதோறும் திறன்மிக்க மாணவர் பலர் தேர்ச்சிபெற்று வெளியேறினர். ஆனால், ஓவியத்தை விற்று உண்ண இயலாமையால் வேறு தொழிலை நாடித் தூரிகையைக் கைவிட்டனர். இதற்கு வழி யாது? ஆசிரியரும் மாணவரும் கூடிச் சிந்தித்தனர். ஓய்வு நேரத்தில் கைவினைப் பொருள் செய்து பிழைப்பது, எஞ்சிய நேரத்தில் தம் மனம்போல் ஓவியம் தீட்டுவது என்னும் முடிவு அக்கூட்டுச் சிந்தனையிற் பிறந்தது.

அவர்கள் தேர்ந்த தொழில்களுள் சிறந்தது பாத்திக். துணியில் மெழுகால் உருவெழுதிச் சாயத்தில் தோய்ப்பர். மெழுகுள்ள இடத்தில் சாயம் பற்றாது. மெழுகை நீக்கினால் உரு விளங்கும். இத்தகைய பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தால், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் நிலம் வாங்கினர். 1966ஆம் ஆண்டு ‘சோழமண்டலம் ஓவியர் கிராமம்’ தோன்றியது. மணற்பரப்பாய்க் கிடந்த இடத்தில் கலைஞர் தாமே குடில் அமைத்து வாழலாயினர்.

பணிக்கர் 1977ஆம் ஆண்டு மறைந்தார். அவர் வகுத்த சிற்றூர் இன்றும் நிலைத்துள்ளது. அங்குள்ள காட்சிக்கூடம் அக்காலத்துச் சென்னைக் கலைஞரின் படைப்புக்களைத் தாங்கி நிற்கிறது.

மாணவர்களே! பிறர் பொருளுதவியை எதிர்நோக்கி அவர்கள் காத்திருக்கவில்லை. பலர் கூடி எண்ணினர். எண்ணியதைத் தம் கையாலேயே செய்து முடித்தனர். கலை வாழக் கலைஞன் வாழ்தல் வேண்டும் என்பதைப் பணிக்கரின் வாழ்க்கை நமக்கு அறிவுறுத்துகின்றது.