நகரத் தந்தை லா பீரா

நகரம் ஒன்று உருவாகப் பல நூற்றாண்டுகள் வேண்டும். அஃது அழிய ஓர் இரவே போதும். முன்னோர் அரிதின் முயன்று கட்டிய கோயில்களும் பாலங்களும், இன்று வாழ்வோர் குடியிருக்கும் இல்லங்களும், நாளைப் பிறக்கப்போகும் குழந்தைகளுக்கு உரிய செல்வங்களும் ஒருங்கே அமைந்த இடம் நகரம். அதனைக் காக்கும் பொறுப்பை ஏற்றவரை மேயர் என்றும் நகரத் தந்தை என்றும் அழைக்கின்றோம். தெருக்களைத் தூய்மையாக வைத்தல், விளக்கிடுதல், குடிநீர் வழங்குதல், பள்ளிகளைப் பேணுதல் ஆகியவை அவருடைய அன்றாடக் கடமைகள். இக்கடமைகளை ஏற்றுச் செய்ததோடு அமையாது, தொலைவிலுள்ள நகரங்களோடும் உறவு பூண்டு, உலகில் எந்த நகரமும் அழிதல் கூடாது என்று பாடுபட்ட மேயர் ஒருவர் இருந்தார். இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் மாநகரைக் காத்த ஜார்ஜியோ லா பீரா என்பவரே அப்பெரியார்.

இளமையும் கல்வியும்

இத்தாலியின் தென்பால் சிசிலி என்னும் பெருந்தீவு உள்ளது. அதன் கடற்கரையில் பொட்சால்லோ என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் எளிய குடும்பம் ஒன்றில், 1904ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 9ஆம் நாள் லா பீரா பிறந்தார். உடன் பிறந்தோர் ஐவருக்கும் அவரே மூத்தவர். சிற்றூரில் மேற்கல்விக்கு வழியில்லாமையால், பத்தாம் வயதில் மெசினா நகரில் இருந்த மாமன் வீட்டுக்குச் சென்று கல்வி பயின்றார்.

அந்த மெசினா நகரம் பேரிடருக்கு உள்ளாகி மீண்டுகொண்டிருந்த நகரமாகும். 1908ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள் விடியற்காலையில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் நகரமே சரிந்து வீழ்ந்தது, பல்லாயிரவர் மாண்டனர். லா பீரா அங்குச் சென்றபோது, பிழைத்திருந்த மக்களுள் பலர் மரத்தால் அமைத்த குடில்களிலேயே இன்னும் வாழ்ந்துவந்தனர். இடிபாடுகளுக்கு இடையே வளர்ந்த சிறுவனுக்கு, தலைக்குமேல் ஒரு கூரை என்பது எவ்வளவு பெரிய பேறு என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் வணிகக் கணக்கியலைப் பயின்ற அவர், பின்னர்ச் சட்டக் கல்வியில் ஈடுபட்டார். 1926ஆம் ஆண்டில் தம் ஆசிரியர் ஒருவரைப் பின்பற்றிப் பிளாரன்ஸ் நகருக்கு வந்தார். பழைய உரோமர் வகுத்த சட்டங்களை ஆராய்ந்து, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உயர்ந்தார்.

எளிய வாழ்க்கை

பேராசிரியர் பதவி கிடைத்த பின்னரும் லா பீரா திருமணம் செய்துகொள்ளவில்லை. சொந்த வீடு ஒன்றும் தேடிக்கொள்ளவில்லை. கிறித்தவ சமயத்தில் ஆழ்ந்த பற்றுடைய அவர், சான் மார்க்கோ என்னும் துறவியர் மடத்தில் ஒரு சிற்றறையில் தங்கினார். தம் ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழை எளியவர்க்கு ஈந்தார். 1934ஆம் ஆண்டு முதல் ஞாயிறுதோறும் நகரத்து ஏழைகளை ஒரு கோயிலில் கூட்டி, வழிபாடு முடிந்ததும் அவர்களுக்கு ரொட்டி வழங்கிவந்தார். அங்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் நலம் உசாவித் துயரங்களைப் பகிர்ந்துகொண்டனர். பிற்காலத்தில் நகரத்தை ஆளுதற்கு வேண்டிய பாடத்தை அவர் பயின்ற இடம் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமே எனலாம்.

அக்காலத்தில் இத்தாலியை முசோலினி என்னும் சர்வாதிகாரி ஆண்டுவந்தார். மனிதனின் உரிமையைப் போற்றும் இதழ் ஒன்றை லா பீரா 1939ஆம் ஆண்டில் தொடங்கினார். மறு ஆண்டிலேயே அரசு அதனைத் தடுத்து நிறுத்தியது. 1943ஆம் ஆண்டில் செருமானியப் படை நாட்டைக் கைப்பற்றியபோது, அவரைச் சிறைப்பிடிக்கத் தேடினர். அவர் ஊர்விட்டு ஊர் சென்று மறைந்து வாழ்ந்தார்.

பிளாரன்ஸ் நகரின் நடுவே ஆர்னோ என்னும் ஆறு ஓடுகின்றது. 1944ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பின்வாங்கிச் சென்ற செருமானியப் படையினர் ஒரே இரவில் அவ்வாற்றின் பாலங்களை எல்லாம் வெடிவைத்துத் தகர்த்தனர். பழம்பாலம் என்று வழங்கும் ஒன்று மட்டுமே எஞ்சியது. சாந்தா திரினித்தா என்னும் எழில்மிகு பாலமும் ஆற்றில் வீழ்ந்தது. இளமையில் இயற்கையின் சீற்றத்தால் வீழ்ந்த நகரைக் கண்டவர், இப்போது மனிதனின் சினத்தால் சிதைந்த நகரைக் கண்டார்.

நகராட்சித் தொண்டு

போர் முடிந்ததும் புதிய அரசியலமைப்பை வகுக்கக் கூடிய பேரவையில் லா பீரா உறுப்பினரானார். பின்னர் நடுவண் அரசில் தொழிலாளர் துறையின் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். 1951ஆம் ஆண்டில் பிளாரன்ஸ் நகரமன்றம் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது.

மேயரான அவருக்கு முன்னே மூன்று பெருங் குறைகள் நின்றன: மக்களுக்கு வீடில்லை, வேலையில்லை, பிள்ளைகளுக்கு ஊட்டமான உணவில்லை. வாடகை கொடுக்க இயலாமல் வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் தெருவில் நின்றன. அதே நகரில் செல்வர்களின் மாளிகைகள் பல வெறுமையாகப் பூட்டிக் கிடந்தன. அவற்றை வாடகைக்கு விடுமாறு உரியவர்களை முதலில் வேண்டினார். அவர்கள் இணங்காதபோது, 1865ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பழைய சட்டம் ஒன்றைத் துணைக்கொண்டு, வெற்று வீடுகளை நகராட்சியின் பொறுப்பில் எடுத்து ஏழைகளைக் குடியேற்றினார். சட்டம் பயின்ற பேராசிரியரின் புலமை வீடற்றவர்க்குக் கூரையாயிற்று.

ஆற்றின் கரையில் இசொலோட்டோ என்னும் புதிய குடியிருப்பு எழுந்தது. 1954ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6ஆம் நாள், அங்குக் குடியேறிய குடும்பங்களுக்கு லா பீரா சாவிகளை வழங்கினார். புதிய வீதிகளையும் பூங்காக்களையும் பள்ளிகளையும் தம் இல்லம்போலவே பேணித் தம் மக்களுக்கு விட்டுச்செல்ல வேண்டும் என்று அம்மக்களைக் கேட்டுக்கொண்டார். பள்ளிச் சிறார்களுக்குக் காலையில் பால் வழங்கவும் ஏற்பாடு செய்தார். இடிந்த பாலங்கள் ஒவ்வொன்றாக மீண்டும் எழுந்தன. சாந்தா திரினித்தா பாலத்தை, ஆற்றிலிருந்து எடுத்த பழைய கற்களையும் பயன்படுத்திப் பண்டை வடிவிலேயே கட்டினர். அது 1958ஆம் ஆண்டில் நிறைவுற்றது.

இத்தொண்டுகளுள் மிகக் கடுமையானது பிஞ்ஞோனே தொழிற்சாலையைக் காத்த செயலாகும். ஆலையை மூடிவிட 1953ஆம் ஆண்டில் உரிமையாளர் முடிவு செய்தனர். 1,700க்கும் மேற்பட்ட தொழிலாளரின் குடும்பங்களில் அடுப்பு எரியாத நிலை நெருங்கியது. தொழிலாளர் ஆலையை விட்டு வெளியேற மறுத்து உள்ளேயே தங்கினர். மேயர் அவர்கள் பக்கம் நின்றார். அமைச்சர்களுக்கு எழுதினார்; தலைநகருக்கும் பிளாரன்சுக்குமாக அலைந்தார். முடிவில், அரசின் எண்ணெய் நிறுவனத் தலைவராயிருந்த என்ரிக்கோ மாத்தேயி என்பவரை இணங்கச் செய்தார். 1954ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்நிறுவனம் ஆலையை ஏற்றது. தொழிலாளரின் வாழ்வு பிழைத்தது.

எனினும், அவரைக் குறை கூறியோரும் பலர். நகராட்சியின் வரவுக்கு மேல் செலவிடுகிறார் என்றனர் சிலர். பிறர் சொத்தில் தலையிடுகிறார் என்றனர் வேறு சிலர். நகராட்சிக்குக் கடன் பெருகியது உண்மையே. ஆயினும், மக்கள் பசியாலும் குளிராலும் வாடும்போது கணக்கேட்டைக் காட்டிக் கைவிரித்தல் நகரத் தந்தைக்கு அழகன்று என்பது அவருடைய துணிபு.

நகரங்களின் உறவு

அக்காலத்தில் உலகம் இரு பெரும் அணிகளாகப் பிரிந்து நின்றது. ஒரு நகரை நொடிப்பொழுதில் சாம்பலாக்கும் அணுகுண்டுகளை இரு சாராரும் குவித்தனர். நாம் கட்டும் வீடும் பாலமும் நாளை நிலைத்திருக்குமா என்ற கேள்வி லா பீராவின் உள்ளத்தை வாட்டியது. தம் நகரை மட்டும் காத்தால் போதாது. எல்லா நகரங்களும் பிழைத்தால்தான் தம் நகரும் பிழைக்கும் என்று தெளிந்தார்.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஜெனீவா நகருக்குச் சென்று, செஞ்சிலுவைச் சங்கத்தார் முன்னிலையில் தம் கருத்தை விளக்கினார். நகரங்கள் முன்னோரிடமிருந்து பெற்று, பின்னோரிடம் ஒப்படைக்க வேண்டிய அடைக்கலப் பொருள்கள். இடையில் வாழும் தலைமுறைக்கோ அரசுகளுக்கோ அவற்றை அழிக்கும் உரிமை இல்லை. இதுவே அவ்வுரையின் சாரம். அடைக்கலமாக வைத்த பொருளைக் குறையாமல் திருப்பித்தருதல் உரோமர் சட்டத்திலும் கடமையாகும். வகுப்பறையில் மாணவர்க்குக் கற்பித்த அறத்தையே அவர் வல்லரசுகளுக்கும் எடுத்துரைத்தார்.

1955ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் உலகத் தலைநகரங்களின் மேயர்களைப் பிளாரன்சுக்கு அழைத்தார். அரசுகள் ஒன்றையொன்று ஐயுற்ற அக்காலத்தில், இரு அணி நாடுகளிலிருந்தும் நகரத் தலைவர்கள் வந்து ஒரே மன்றத்தில் அமர்ந்தனர். நட்புறவை உறுதி செய்து கையெழுத்திட்டனர். நாடுகளுக்கு எல்லைக்கோடும் படையும் உண்டு. நகரங்களுக்கோ குடிநீரும் பள்ளியும் மருத்துவமனையுமே கவலை. ஆதலால் மேயர்கள் கூடினால் பேசுதற்குப் பொதுவான செய்தி என்றும் இருக்கும்.

இரு நகரங்கள் தம்முள் ஒப்பந்தம் செய்து உடன்பிறப்பு நகரங்களாக உறவு பூணும் வழக்கம் போருக்குப் பின் ஐரோப்பாவில் பரவியது. இவற்றை இரட்டை நகரங்கள் என்றும் கூறுவர். மாணவர், கலைஞர், தொழில் வல்லுநர் ஆகியோர் ஒரு நகரிலிருந்து மற்றதற்குச் சென்று தங்கிப் பழகுவர். பிளாரன்ஸ் நகரம் 1954ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ரீம்ஸ் நகருடன் இவ்வுறவு கொண்டது. 1940ஆம் ஆண்டில் இத்தாலியும் பிரான்சும் பகை நாடுகளாகப் போர் புரிந்தவை என்பதை நினைத்தால், இதன் அருமை விளங்கும். 1961ஆம் ஆண்டில் மொராக்கோ நாட்டில் இசுலாமியக் கல்விக்குப் பேர்பெற்ற பெஸ் நகரும், 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவும், 1965ஆம் ஆண்டில் சப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவும், 1967ஆம் ஆண்டில் கீவ் நகரும் பிளாரன்சின் உறவு நகரங்களாயின. மொழியும் சமயமும் ஆட்சிமுறையும் வேறுபட்ட நகரங்கள் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் போலாயின.

அமைதிப் பயணம்

1957ஆம் ஆண்டில் லா பீரா மேயர் பதவியை விட்டு நீங்கினார். 1961ஆம் ஆண்டில் மீண்டும் அப்பொறுப்பை ஏற்று, 1965ஆம் ஆண்டு வரை பணியாற்றினார். பதவியில் இருந்தபோதும் இல்லாதபோதும் அவருடைய அமைதிப் பணி ஓயவில்லை. 1959ஆம் ஆண்டில் மாஸ்கோ நகருக்குச் சென்றார். சமயத்தை ஏற்காத ஆட்சி நிலவிய அந்நாட்டில், தம் சமயப் பற்றை மறையாமலே, படைக்கருவிகளைக் குறைத்து உலகம் அமைதியுற வேண்டும் என்று தலைவர்களிடம் எடுத்துரைத்தார்.

1965ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், வியட்நாம் போர் மூண்டு எரிந்த வேளையில், ஹனாய் நகருக்குச் சென்று ஹோ சி மின் அவர்களைக் கண்டு உரையாடினார். சமாதானப் பேச்சுக்கு வழி உண்டு என்ற செய்தியுடன் திரும்பி, அதனை அமெரிக்க அரசுக்கு எட்டச் செய்தார். ஆயினும் அச்செய்தி உரிய காலத்திற்கு முன்பே வெளிப்பட்டது, முயற்சி முறிந்தது. போர் மேலும் பத்தாண்டுகள் நீடித்தது. உலகியல் அறியாத கனவு காண்பவர் என்று பலர் அவரை எள்ளினர். முயன்று தோற்றதற்காக அவர் நாணவில்லை. முயலாமல் இருந்துவிடுவதே நாணத்தக்கது எனக் கருதினார்.

1967ஆம் ஆண்டில் உலக உறவு நகரங்களின் கூட்டமைப்பு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1970ஆம் ஆண்டில் அக்கூட்டமைப்பின் மாநாடு லெனின்கிராடில் கூடியது. இன்று சென்ட் பீட்டர்ஸ்பர்க் என்று வழங்கும் அந்நகரம், இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 900 நாள் முற்றுகைக்குள்ளாகிப் பசியால் எண்ணற்ற மக்களை இழந்த நகரமாகும். நகரங்கள் வாழ வேண்டும் என்று கூறுதற்கு அதனினும் ஏற்ற இடம் யாது?

நிறைவு

1977ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள் லா பீரா பிளாரன்சில் இறைவனடி சேர்ந்தார். வீடும் நிலமும் பொருளும் அவர் விட்டுச்செல்லவில்லை. ஆனால் அவர் சாவி வழங்கிய வீடுகளில் குழந்தைகள் வளர்ந்து பெரியோராயினர். ஆற்றின்மேல் பாலங்கள் நின்றன. கடல் கடந்த நகரங்களின் நட்பும் நின்றது.

தெருவில் நின்ற ஏழைக்கு வீடு தேடியதும், தொலைவிலிருந்த தலைவர்களைத் தேடிச் சென்றதும் அவருக்கு இரு வேறு பணிகளாகத் தோன்றவில்லை. வாழும் இடத்தைக் காத்து வருவோரிடம் ஒப்படைத்தல் என்னும் ஒரே கடமையின் இரு பகுதிகளே அவை. நாம் நடக்கும் தெருவும், படிக்கும் பள்ளியும், பருகும் நீரும் நம்மிடம் வைக்கப்பட்ட அடைக்கலப் பொருள்களே. அவற்றைக் குறைவுபடாமல் அடுத்த தலைமுறைக்கு அளித்தல் மேயருக்கு மட்டுமன்றி, நகரில் வாழும் ஒவ்வொருவருக்கும் உரிய கடனாகும். இவ்வுண்மையை லா பீராவின் வாழ்க்கை நமக்கு நன்கு உணர்த்துகின்றது.