ஜகதீச சந்திர போஸ்

விழுப்புரம், திண்டிவனம் முதலிய ஊர்களில் உயர்ந்த கோபுரங்களின்மீது முரசு போன்ற வட்டக் கருவிகளைக் காணலாம். அவை நுண்ணலைகளின் வாயிலாகச் செய்திகளை அனுப்புவன. இவ்வலைகளை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் ஜகதீச சந்திர போஸ்.

போஸ் 1858ஆம் ஆண்டு வங்கத்தில் பிறந்தார், கேம்பிரிட்ஜில் பயின்றார். 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். ஆங்கிலேயருக்கு அளித்ததினும் குறைந்த ஊதியமே அவருக்கு அளிக்கப்பட்டது. அதனைத் தொட மறுத்து, மூன்றாண்டுகள் ஊதியமின்றியே கடமையாற்றினார். முடிவில் அரசு முழு ஊதியத்தையும் நிலுவையுடன் வழங்கியது.

அக்கல்லூரியில் தக்க ஆய்வுக்கூடம் இல்லை. போஸ் மனந்தளராமல், உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவரின் துணைகொண்டு கருவிகளைச் செய்வித்தார்; 5 மில்லிமீட்டர் அளவே நீளமுள்ள அலைகளை உண்டாக்கினார். விளக்கொளிபோல் அவை நாற்புறமும் சிதறுமன்றோ? ஆதலின், வாய்க்காலில் நீரைச் செலுத்துவது போல உலோகக் குழாயினுள் அவற்றைச் செலுத்தினார். புனல் போன்ற கொம்பினால் அவற்றைத் திரட்டி ஏற்றார். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், அவ்வலைகள் சுவரை ஊடுருவிச் சென்று அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன. 1897இல் இலண்டன் அறிஞர் அவையிலும் தம் கருவிகளை அவர் விளக்கிக் காட்டினார்.

போஸ் 1937இல் மறைந்தார். அவர் கையாண்ட குழாயும் கொம்பும் நுண்ணலைக் கருவிகளில் இன்றும் பயன்படுகின்றன. வசதியின்மை உறுதியுடையோர்க்குத் தடையாகாது என்பதற்கு அவர்தம் வாழ்வே சான்று.