நியூகேட் சிறையில் ஓர் அன்னை

1813-இல் லண்டன் நியூகேட் சிறையின் பெண்கள் பகுதிக்குள் எலிசபெத் ஃபிரை அம்மையார் முதன்முதலாக நுழைந்தார். தண்டனை பெற்றோரும், விசாரணையை எதிர்நோக்கியோரும், அவர்தம் குழந்தைகளும் ஒன்றாக அடைபட்டு, வெறுந்தரையில் உறங்கினர். குழந்தைகளுக்கெனக் கம்பளி ஆடைகளை அவர் கொண்டுசென்றிருந்தார். ஆனால் ஆடையால் மட்டும் தீரக்கூடிய துயரமா அது?

1780-இல் குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மனிதர் ஒவ்வொருவருள்ளும் இறையொளி உறைகிறது என்பது அம்மரபின் நம்பிக்கை. சிறைக்கதவு அந்த ஒளியைத் தடுத்துவிடுவதில்லை என்று அம்மையார் கருதினார்.

1817-இல் அங்கே பள்ளியும் தையற்பணியும் தொடங்கின. கைதிகளில் ஒருவரே ஆசிரியையானார். ஒழுங்குவிதிகளை அம்மையார் திணிக்கவில்லை. ஒவ்வொன்றையும் வாசித்து, அப்பெண்களின் சம்மதத்தைப் பெற்றபின்னரே நடைமுறைப்படுத்தினார். அவருடைய செயல்களிலெல்லாம் இதுவே தலையாயது எனலாம். தண்டிக்கப்பட்டவரிடம் சம்மதம் கேட்பது அக்காலத்தில் எவரும் எண்ணிப்பாராத ஒன்று.

தோல்வியும் நேர்ந்தது. கள்ள நோட்டுக் குற்றத்திற்காக மரணதண்டனை பெற்ற ஹாரியட் ஸ்கெல்டன் என்ற பெண்ணுக்காக அமைச்சர் சிட்மவுத் பிரபுவிடம் மன்றாடினார். பலனில்லை, 1818-இல் அப்பெண் தூக்கிலிடப்பட்டாள். அமைச்சரின் நல்லெண்ணமும் அம்மையாரை விட்டு நீங்கியது. பெண் கைதிகளைப் பெண்களே காவல்காக்க வேண்டும் என்ற அவரது வேண்டுகோள் 1823-இல் சட்டமாயிற்று.

நாடுகடத்தப்பட்ட பெண்களுக்கு அவரது குழுவினர் ஊசி, நூல், துணித்துண்டுகள் அளித்தனர். 1841-இல் ‘ராஜா’ என்ற கப்பலில் சென்றவர்கள் அவற்றைக் கொண்டு பெரிய ஒட்டுத்துணி விரிப்பொன்றைத் தைத்து, அக்குழுவினருக்கே நன்றியுடன் காணிக்கையாக்கினர். அம்மையார் 1845-இல் மறைந்தார். விரிப்பு கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது.