காய்ச்சலுக்குக் கணக்கு எழுதிய டாக்டர் வாட்சன்



மலேரியா என்பது இன்றைய நம் பிள்ளைகளுக்குப் பள்ளிப் புத்தகத்தில் வரும் ஒரு சொல். நம் பாட்டன் பாட்டிக்கோ அது வாசலில் நின்ற எமன். குளிர்காய்ச்சல் என்றார்கள், முறைக்காய்ச்சல் என்றார்கள். போர்வைக்கு மேல் போர்வை போட்டும் உடம்பு நடுங்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே நேரத்துக்கு வந்து ஆளை உலுக்கும். காலையில் பெரட்டில் பெயர் கொடுத்தவன் மாலையில் பாயில் கிடப்பான். மாதம் முடிவதற்குள் அவன் இடத்துக்கு இன்னொரு புது ஆள் வந்திருப்பான்.

1911இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு 62 பேருக்கு மேல் செத்தார்கள் என்று அரசாங்கக் கணக்கே சொல்கிறது. ஆயிரம் பேர் உள்ள ஒரு தோட்டத்தில் வாரத்துக்கு ஒரு பிணத்துக்கும் அதிகம் என்று பொருள். இத்தனை சாவும் மலேரியாவால் மட்டும் வந்ததல்ல. வயிற்றுப்போக்கு உண்டு, கொக்கிப்புழு உண்டு, அரைவயிற்றுச் சாப்பாடு உண்டு. ஆனால் முன்னால் நின்றது மலேரியாதான். இந்தச் சாவுக்குக் காரணம் எங்கே இருக்கிறது என்று லயம் லயமாகப் போய்த் தேடிய ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம். அவர் பெயர் மால்கம் வாட்சன்.

கிள்ளானுக்கு வந்த இளம் டாக்டர்

வாட்சன் 1873இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோவில் வைத்தியம் படித்து, 1900இல் மலாயா அரசாங்க வைத்திய இலாகாவில் சேர்ந்தார். 1901 தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத்துக்கு டாக்டராக அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

அவர் போன நேரம் பொல்லாத நேரம். கிள்ளான் ஊரே காய்ச்சலில் படுத்துக் கிடந்தது. பக்கத்திலேயே போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைப் புதிதாகக் கட்டி, அந்த ஆண்டு செப்டம்பரில் திறந்தார்கள். திறந்த சில வாரங்களிலேயே அங்கே வேலை செய்தவர்கள் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். இவ்வளவு பணம் போட்டுக் கட்டிய துறைமுகத்தையே மூடிவிட வேண்டி வருமோ என்று மேலதிகாரிகள் கலங்கினார்கள்.

கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்தது 1897இல்தான். அது உண்மைதானா என்று பல பெரிய டாக்டர்களே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த காலம். வாட்சன் அதை நம்பினார். ஆஸ்பத்திரியில் இன்னும் பத்துக் கட்டில் போட்டு என்ன பயன்? கொசு பிறக்கிற இடத்தை ஒழித்தால் கட்டிலே வேண்டியதில்லையே என்று யோசித்தார். சிலாங்கூரின் தலைமை டாக்டர் டிராவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். ஊரைச் சுற்றிக் காடு வெட்டினார்கள். சதுப்பு நிலத்தில் கால்வாய் தோண்டித் தண்ணீரை வடித்தார்கள்.

பலன் என்ன? 1901இல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் காய்ச்சலால் செத்தவர்கள் 368 பேர். 1902இல் 59 பேர். அதற்கடுத்த ஆண்டு 46 பேர். தண்ணீர் வடிக்காத சுற்றுவட்டாரத்தில் மட்டும் சாவு குறையவில்லை. அதையும் அவர் சேர்த்தே எழுதி வைத்தார். தம் வேலையால்தான் குறைந்தது, தானாகக் குறையவில்லை என்பதற்கு அதுதானே சாட்சி!

லயத்துப் பிள்ளைகளின் வயிறு

சில ஆண்டுகளுக்குப் பிறகு வாட்சன் அரசாங்க வேலையை விட்டுத் தோட்டங்களின் டாக்டரானார். ரப்பருக்கு நல்ல விலை வந்துகொண்டிருந்த காலம் அது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் ஜனங்கள் பினாங்கிலும் கிள்ளானிலும் இறங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

எந்தத் தோட்டத்தில் எவ்வளவு மலேரியா இருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஆஸ்பத்திரிப் புத்தகத்தை நம்ப முடியாது. காய்ச்சலோடு வேலைக்குப் போகிறவன் அதில் இருக்க மாட்டான். ஓடிப்போனவனும் இருக்க மாட்டான். மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு லயம் போகவும் முடியாது. வாட்சன் பிடித்த வழி ரொம்பச் சுலபமானது. லயத்துப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, இடப்பக்க விலாவுக்குக் கீழே வயிற்றைக் கையால் அழுத்திப் பார்த்தார். மலேரியா திரும்பத் திரும்ப வந்த பிள்ளைக்கு அங்கே மண்ணீரல் வீங்கிக் கட்டியாகத் தட்டுப்படும். அப்படி எத்தனை பிள்ளை என்று எண்ணி, லயம் வாரியாக எழுதினார். அதற்கு மருந்துச் செலவு கிடையாது, ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. டாக்டரின் கையும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

அந்தக் கணக்கு பேசத் தொடங்கியது. ஒரே தோட்டம், ஒரே அரிசி, ஒரே மருந்து. ஆனால் சதுப்புக் காட்டை ஒட்டியிருந்த லயத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கட்டி. காட்டை விட்டுத் தள்ளியிருந்த லயத்தில் ஒருவருக்கோ இருவருக்கோதான். ஆகவே லயத்தை எங்கே கட்டுவது என்பதே வைத்தியத்தில் பாதி என்று அவர் துரைமார்களுக்கு எடுத்துச் சொன்னார்.

பெரட்டில் கொய்னா கொடுக்கும் வழக்கத்தையும் அவர் பயன்படுத்தினார். அந்தக் கசப்பை நம் முன்னோர்கள் எப்படிக் கரித்துக் கொட்டினார்கள் என்பது தெரிந்ததே. கொய்னா ஆளை எழுப்பி வேலைக்கு அனுப்புமே தவிர, லயத்தை விட்டு மலேரியாவை ஓட்டாது என்பதையும் அவருடைய கணக்கே காட்டியது.

குன்றில் தோற்ற மருந்து

இந்த வரலாற்றில் முக்கியமான கட்டம் இதுதான். கடலோரச் சமவெளியில் ஜெயித்த வழியைக் குன்றுத் தோட்டங்களில் அப்படியே செய்தார்கள். காட்டை வெட்டினார்கள், ஓடைகளைத் திறந்து கால்வாய் ஆக்கினார்கள். மலேரியா குறையவில்லை. பல இடத்தில் கூடியது!

ஏன்? கொசுவிலே ஜாதி பல உண்டு. சமவெளிச் சதுப்பில் மலேரியாவைப் பரப்பிய கொசு நிழலில், காட்டுத் தேக்கத்தில் முட்டையிடுவது. காட்டை வெட்டி வெயில் பட்டதும் அது அழிந்தது. குன்றிலே பரப்பிய கொசுவோ வேறு. அதற்குத் தெளிந்த ஓடும் தண்ணீர் வேண்டும், வெயிலும் வேண்டும். காட்டை வெட்டியவர்கள் அந்தக் கொசுவுக்குத் தாங்களே தொட்டில் கட்டிக் கொடுத்தார்கள்.

வாட்சன் இதை மூடி மறைக்கவில்லை. சமவெளியில் பலித்தது குன்றில் பலிக்கவில்லை என்று புத்தகத்திலேயே எழுதினார். பிறகு சீபீல்ட் போன்ற குன்றுத் தோட்டங்களில் வேறு வழி பார்த்தார். ஊற்றுத் தண்ணீரை மண் குழாய்களில் இறக்கி நிலத்துக்கு அடியில் ஓடவிட்டார். வெயிலும் படாது, கொசுவும் நெருங்காது. குழாய் போட முடியாத இடத்தில் தண்ணீர் மேல் எண்ணெய் தெளிக்கும் முறை வந்தது. வாரம் தவறாமல் முதுகில் டின்னைச் சுமந்து ஓடை ஓடையாக எண்ணெய் அடித்தவர்கள் யார்? நம்மவர்கள்தான். வாட்சன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. எண்ணெய் டின் சுமந்தவன் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நம் கெடாவை எண்ணிப் பாருங்கள். வாட்சன் வேலை செய்தது சிலாங்கூரில். ஆனால் 1909இல் சயாமிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிய கெடாவிலும் ரப்பர் பரவியது. மேற்கே கடலோரச் சமவெளி, கிழக்கே கூலிம், பாலிங் பக்கம் குன்றும் ஓடையும். ஒரே மாநிலத்தில் இரண்டு வகைத் தண்ணீர். சமவெளிக்கு ஒரு வைத்தியம், குன்றுக்கு ஒரு வைத்தியம் என்ற அவருடைய பாடம் இங்கே எவ்வளவு பொருந்தும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

யாருக்காக உழைத்தார்?

வாட்சன் நம் சம்பளத்துக்காகப் போராடியவர் அல்லர். தோட்ட முதலாளிகளிடம் சம்பளம் வாங்கியவர். அவர் துரைமார்களிடம் பேசியது இரக்கத்தின் பேரில் அல்ல, செலவின் பேரில். இந்தியாவிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவர இவ்வளவு செலவு, அவன் படுத்தால் இவ்வளவு நஷ்டம், செத்தால் மறுபடியும் செலவு. கால்வாய் அதைவிட மலிவு என்றார். உயிருக்கு விலை போட்டால்தான் முதலாளியின் காது திறக்கும் என்றால், அது யாருடைய வெட்கம் என்பதை வாசகர்களே சொல்லட்டும். ஆனாலும் அந்தக் கணக்கால் ஆயிரக்கணக்கான நம் ஜனங்கள் உயிர் தப்பினார்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

1924இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1928இல் மலாயாவை விட்டு லண்டன் போய் ராஸ் நிலையத்தில் சேர்ந்து, ஆப்பிரிக்கச் செம்புச் சுரங்கங்கள் வரை தம் முறையைக் கொண்டு போனார். 1955இல் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றாத முதல் ஆண்டாக மலேசியா 2018ஐக் கண்டது. குரங்கிடமிருந்து வரும் மலேரியா மட்டும் காட்டோரத்தில் வேலை செய்கிறவர்களை இன்னும் பிடிக்கிறது, சிலரைக் கொல்லவும் செய்கிறது. டெங்கி ஊரெங்கும் இருக்கிறது. நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் லயத்தில் வீட்டுக்கு வீடு உண்டு.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். ஆனால் உள்தோட்டத்திலிருந்து சுங்கை பட்டாணிக்கோ கூலிமுக்கோ போக வாடகைக் கார் எவ்வளவு? போன நாள் சம்பளம் என்ன ஆகும்? அந்த 1 வெள்ளியோடு இதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் பாட்டியம்மா அடுத்த மாதம் போகலாம் என்கிறார். அடுத்த மாதத்துக்குள் கால் புண் அழுகிவிடுகிறது. வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கட்டணம் இன்னும் கூடுதல். அவனும் நம் லயத்தில்தான் படுத்திருக்கிறான். கொசு பாஸ்போர்ட் பார்த்துக் கடிப்பதில்லை.

தோட்டத்தில் வீட்டு வசதியும் வைத்திய வசதியும் முதலாளி தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் கஷ்டமாக இருக்கிறது ஐயா என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஆபீசுக்குப் போனால், பார்க்கலாம் என்ற பதில்தான் வரும். கணக்கோடு போங்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுங்கள். எந்த லயம், எந்தத் தேதி, யாருக்குக் காய்ச்சல், எந்தக் கிளினிக், கார் செலவு எவ்வளவு, எத்தனை நாள் வேலை போயிற்று, எந்தக் கானில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று எழுதுங்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை போதும், அழகாக எழுதிக் கொடுக்கும்.

மூன்று மாதம் எழுதிய நோட்டைத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். அதை மேசையில் வைத்துப் பேசுவது எங்கள் வேலை.